சீசன் இரவும் சிஸ்டரின் உறக்கமும்

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்கு இரவென்றும் பகலென்றும் கிடையாது. நள்ளிரவிலும் மெயின் அருவியில் தலையைக் கொடுத்து நிற்கிறார்கள். பாறையில் வழுக்கி விழுந்தவர், பைக்கோடு சரிந்தவர் என்று அடிபட்டவர்கள் பலரும் வந்து சேருவது தென்காசி அரசு மருத்துவமனைக்குத்தான். அங்கே விழித்திருப்பவர் நைட் டூட்டி சிஸ்டர்.

காலை, மதியப் பணி ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரவுப் பணியோ பல மருத்துவமனைகளில் பன்னிரண்டு மணி நேரம் வரை நீள்கிறது. அதில் பொல்லாத நேரம் அதிகாலை 3 முதல் 5 வரை. உடல் வெப்பம் தாழ்ந்து, கண் தானாகச் சொருகும். மனஉறுதி இருந்தால் சமாளிக்கலாம் என்பது வீண்பேச்சு. வெளிச்சத்தையும் இருட்டையும் பார்த்து ஓடும் கடிகாரம் ஒன்று நம் உடலுக்குள் இருக்கிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. டூட்டி சார்ட்டில் பெயரை மாற்றி எழுதினால் அந்தக் கடிகாரம் மாறிவிடாது.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிதானத்துக்குச் சமம் என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் ஊரில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிப்பதே 0.03 தான்.

விடியற்காலை இன்சுலின் போடும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. தூக்கக் கலக்கத்தில் 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஏற்றிவிட்டால் நோயாளிக்குள் போவது இரண்டரை மடங்கு. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த 2004 ஆய்வு, பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டிய பணியில் தவறு நேரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது. இப்படி ஒரு தவறு நடந்தால் மெமோ செவிலியருக்குத்தான் போகும். டூட்டி போட்டவரை யாரும் கேட்பதில்லை. இது அநியாயம்.

செவிலியரின் உடம்பும் தேய்கிறது. இரவுப் பணி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சொன்னது. 2019-இலும் அதே கருத்தை மீண்டும் சொன்னது.

டூட்டி முடித்துச் சுரண்டைக்கோ கடையநல்லூருக்கோ பஸ் ஏறும்போது வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அந்த வெளிச்சமே வந்த தூக்கத்தை விரட்டிவிடும். வீட்டில் அடுப்படி, பிள்ளையின் டிபன் பாக்ஸ், குழாயடி எல்லாம் காத்திருக்கும். படுக்கும்போது மணி பதினொன்று. சிலிண்டர்காரர் மணியடித்தால் அந்தத் தூக்கமும் போச்சு.

செய்ய வேண்டியவை தெரியாதவை அல்ல. டூட்டியைக் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு ஓரளவு ஒத்துழைக்கும். வார்டைப் பார்க்க இன்னொருவர் இருந்தால் நள்ளிரவில் அரை மணி நேரம் கண்ணயரலாம். ஆனால் இதற்கெல்லாம் ஆள் வேண்டும். சீசனுக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறோம், கூடுதல் போலீசாரை நிறுத்துகிறோம். அதே அக்கறையோடு இரவு வார்டுகளுக்குக் கூடுதல் செவிலியர்களையும் அரசு போட வேண்டும்.

உங்கள் தெருவில் ஒரு சிஸ்டர் இருந்தால், பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.