இணையத்தளமும் அணுகுதகைமைப் பரீட்சகரும்

ஒரு கட்டடத்தின் வாயிலிற் படிகள் மாத்திரம் இருப்பின், சக்கர நாற்காலியில் வருபவர் வெளியே நிற்க நேரிடும். இத்தகைய தடைகள் இணையத்தளங்களிலும் உள. அவற்றைக் கண்டறிந்து கூறுபவரே அணுகுதகைமைப் பரீட்சகர்.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதற்குரிய நெறிகளை 1999ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்டது, 2.2ஆம் பதிப்பு 2023இல் வந்தது. சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு 4.5:1 என்னும் விகிதத்திற் குறையலாகாது என்பது அந்நெறிகளுள் ஒன்று. இதனைக் கணினியே அளந்துவிடும். ஆயின், படமொன்றுக்கு விளக்கவுரை உண்டோ என்பதை அறியும் கணினி, அவ்வுரை போதியதோ என்பதை அறிதல் அரிது. புகையிரத நேரசூசியின் படத்துக்குப் ‘புகையிரதம்’ என்று மட்டும் எழுதினும் சோதனை நிறைவேறிவிடும். நேரம் அறியவந்த விழிப்புலனற்றவரோ அறியாமலே திரும்புவார். ஆதலின் மனிதப் பரீட்சகர் இன்றியமையாதவர்.

பரீட்சகர் சுட்டியைத் தவிர்த்து, விசைப்பலகையாலேயே பக்கம் முழுவதையும் இயக்கிப் பார்ப்பர். திரைவாசிப்பியின் குரலைச் செவிமடுப்பர். விழிப்புலனற்றவரான மைக்கல் கரன் அவுஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பி இலவசமாகவே கிடைக்கின்றது. ஆகவே விழிப்புலனற்றோரும் தம் இல்லத்திலிருந்தவாறே, பழகிய கருவியுடனும் தமக்கேற்ற குரல்வேகத்துடனும் இத்தொழிலை ஆற்றலாம்; நாள்தோறும் பயணஞ்செய்யும் இடர் இல்லை.

எனினும், கண்ட குறைகளைப் பதியும் செயலியும் கூட்டம் நடாத்தும் செயலியும் அணுகத்தக்கனவாயிருத்தல் வேண்டும். அன்றேல், பிறருக்கு வாயில் திறக்க முயலும் பரீட்சகரே தம் தொழிலின் வாயிலில் நிற்க நேரிடும்.