சாட்டின் கஃப்தான்: பளபளப்பும் பக்குவமும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் முன்னோர் வாக்கு. கிறிஸ்துமஸ், தீபாவளி, பள்ளி ஆண்டு விழா, உறவினர் திருமண வரவேற்பு என மாலை நேர விழாக்கள் வரும்போதெல்லாம் எதை உடுத்துவது என்ற கேள்வியும் உடன் வந்துவிடுகிறது. அவ்வேளையில் துணிக்கடையில் நம் கண்ணைக் கவரும் ஆடைகளுள் ஒன்று சாட்டின் கஃப்தான். தோளிலிருந்து கணுக்கால் வரை தளர்வாக இறங்கும் நீண்ட அங்கி அது. கழுத்தோரத்திலும் கை விளிம்பிலும் சமிக்கியும் மணியும் சரிகையும் மின்னும். அதைப் பற்றி நாம் அறிய வேண்டியவற்றை இங்கே காண்போம்.

கஃப்தான் என்பது பாரசீகத்திலிருந்து துருக்கி வழியாகப் பரவிய சொல். துருக்கிய சுல்தான்கள் அணிந்த கஃப்தான்கள் இஸ்தான்புல் நகரத்துத் தோப்காபி அரண்மனையில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நம் ஊரில் பொன்னாடை போர்த்துவதுபோல, சுல்தான்கள் தாம் சிறப்பிக்க விரும்பியவருக்குக் கஃப்தான் வழங்குவர். மொராக்கோ நாட்டுப் பெண்கள் இன்றும் திருமணத்துக்கும் பண்டிகைக்கும் இதை அணிகின்றனர்.

சாட்டின் என்ற பெயரோ சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தோடு தொடர்புடையது. அராபியர் அத்துறைமுகத்தைச் சைத்தூன் என்று அழைத்தனர். அப்பெயரே மருவிச் சாட்டின் ஆயிற்று என்பர். 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அவ்வூரில் கிடைத்துள்ளது. நம் தமிழ் வணிகரும் அக்கரையில் வாழ்ந்தனர் என்பதற்கு அது சான்று.

சாட்டின் என்பது நூலின் பெயரன்று, நெசவின் பெயர். சாதாரணப் பருத்தித் துணியில் பாவு நூல் ஓர் ஊடை நூலின் மேலும் அடுத்ததன் கீழுமாக மாறி மாறிச் செல்லும். சாட்டினில் அது நான்கு ஊடை நூல்களைத் தாண்டி ஐந்தாவதன் கீழ் நுழையும். சில வகைகளில் ஏழைத் தாண்டி எட்டாவதன் கீழ் நுழையும். இப்படி நீண்டு கிடக்கும் நூலின்மேல் ஒளி தடையின்றிப் பட்டுத் திரும்புவதால்தான் அந்தப் பளபளப்பு. ஆனால் அதே நூல்தான் வளையல் முனையிலும் நகத்திலும் சிக்கி இழுபடுகிறது. அழகு எங்கிருந்து வந்ததோ, பலவீனமும் அங்கிருந்தே வருகிறது.

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி செயற்கைப்பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். ஆகவே பட்டுப்போல் மின்னுவதெல்லாம் பட்டன்று என்பது நம் பகுதிப் பெண்களுக்குப் புதிய செய்தியன்று. சாட்டினும் பட்டிலும் உண்டு, பாலியெஸ்டரிலும் உண்டு. விலையில்தான் பெரும் வேறுபாடு. ஐயம் வந்தால், வீட்டுப் பெரியவர் இரண்டு இழைகளை மட்டும் பிரித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டானால் மயிர் கருகும் வாடை வரும்; சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டரானால் உருகிக் கெட்டியான உருண்டையாகும்.

சாணார்பட்டி வழியே செல்லும் நத்தம் சாலையில் பயணம் செய்தால், ஆயத்த ஆடை தைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பலவற்றைக் காணலாம். தையல் தெரிந்த வீட்டில் கஃப்தான் தைப்பது எளிது. தோளிலிருந்து கணுக்கால் வரை 50 அங்குலம் என்றால், இரு மடங்கு 100 அங்குலம். மடிப்புக்கும் சேர்த்து இரண்டே முக்கால் மீட்டர் துணி போதும். இடுப்பளவு பிடிக்க வேண்டாம். வளரும் பெண்ணுக்கு அடுத்த ஆண்டும் உதவும். துணியின் எல்லாப் பாகங்களையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் மின்னலில் நிற வேறுபாடு தெரியும். குண்டூசியைத் தையலுக்கு உள்ளடங்கும் ஓரத்தில் மட்டும் குத்த வேண்டும், துளை மறையாது. எந்திரத்துக்கு மெல்லிய ஊசி, ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்தல், உட்புறமிருந்து மிதமான சூட்டில் இஸ்திரி ஆகியவையும் தேவை.

ஆரி வேலை செய்வோர் அடியில் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைப்பது நல்லது. மணிகளின் பாரத்தை அது தாங்கும். உடலை உறுத்தவும் செய்யாது. வேலைப்பாடு கழுத்தோடும் கையோடும் நின்றால் ஆடை தொங்கிப் போகாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அகன்ற கைகள் விளக்கையும் மெழுகுவர்த்தியையும் நாம் அறியாமலே தொட்டுவிடும். பாலியெஸ்டர் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பட்டாசு கொளுத்தும்போதும், அடுப்பருகே நிற்கும்போதும், மெழுகுவர்த்தி ஏந்தும்போதும் இந்த ஆடை வேண்டாம்; உடலோடு ஒட்டிய பருத்தி ஆடையே தக்கது. தப்பித் தவறித் தீப்பற்றினால் ஓடலாகாது. தரையில் படுத்து உருள வேண்டும். அருகிலிருப்போர் கனத்த போர்வையால் மூட வேண்டும். தீ அணைந்தபின் 20 நிமிடம் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

தோழியரே, விலை உயர்ந்த ஆடைதான் அழகு தரும் என்பதில்லை. துணியின் குணமறிந்து வாங்கி, பொறுமையாகத் தைத்து, இடமறிந்து உடுத்துவோம். விழா மாலை நமக்கும் நம் வீட்டாருக்கும் மகிழ்ச்சியாகவே நிறைவுறும்.