மைக்கை அழுத்தினால் ரேடியோ அணைவது ஏன்?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநர்கள் இன்றும் சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோவின் 19ஆம் சேனலில் பேசிக்கொள்கிறார்கள். சட்டப்படி அதன் ஏஎம் சக்தி 4 வாட்தான். அதற்கு சிகரெட் லைட்டர் சாக்கெட்டே போதும். அமெச்சூர் உரிமம் வாங்கி, பக்கத்து 10 மீட்டர் அலைவரிசைக்கான 100 வாட் செட்டுக்கு மாறும்போதுதான் சிக்கல். கேட்கும்போது தெளிவாக இருக்கும். மைக் பொத்தானை அழுத்தியதும் டிஸ்ப்ளே மங்கும், சில சமயம் செட்டே அணைந்துவிடும்.

காரணம் சாக்கெட்டுக்கு வரும் மெல்லிய ஒயர். பேசும்போது செட் 20 ஆம்பியர் வரை இழுக்கும். 1 சதுர மி.மீ. தாமிர ஒயரின் மின்தடை மீட்டருக்கு சுமார் 0.017 ஓம். போக 4 மீட்டர், வர 4 மீட்டர் என்றால் 2.7 வோல்ட் ஒயரிலேயே போய்விடும்! 10 சதுர மி.மீ. ஒயரில் இழப்பு கால் வோல்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அதனால் பேட்டரியிலிருந்தே தடித்த தனி ஒயர் இழுக்க வேண்டும். ஃபியூஸ் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். செட் பக்கம் உள்ள ஃபியூஸ் செட்டை மட்டுமே காக்கும். என்ஜின் அறைச் சுவரைத் தாண்டும் ஓட்டையில் தகரம் உரசி இன்சுலேஷன் கிழிந்தால், பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஒயர் தீப்பிடிக்கும். அங்கே ரப்பர் வளையம் போடாமல் ஒயரை நுழைக்கவே கூடாது.

இன்னொரு லாபமும் உண்டு. என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'கீய்ங்' இரைச்சல் குறையும். ஆல்டர்னேட்டரின் மின் அலைவைப் பேட்டரி பெருமளவு அடக்கிவிடுகிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் உள்ள புது வண்டிகளில் மட்டும் ரேடியோவின் நெகட்டிவ் ஒயரை சேஸிஸில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரேடியோ இழுக்கும் மின்னோட்டம் சென்சாரின் கணக்கில் வராது.