மரக்காணத்தின் பழைய பெயர் என்ன?

புதுச்சேரிக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் சுமார் 35 கிலோ மீட்டர் போனால் மரக்காணம் வரும். விழுப்புரம் மாவட்டத்து ஊர் இது. உப்பு அங்கே வெள்ளை வெளேர் என்று குவிந்து கிடக்கும்.

தமிழ்நாட்டில் உப்புக்குப் பேர் போனவை தூத்துக்குடியும் வேதாரண்யமும். அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஊர் மரக்காணம்.

இந்தப் பெயர் எப்படி வந்தது?

கானம் என்றால் காடு. மரம் அடர்ந்த காடு என்று பொருள் சொல்லிவிடலாம். ஆனால் ஊர்ப் பெயரில் இருப்பது இரண்டு சுழி "ன" அல்ல; மூன்று சுழி "ண". காணம் என்ற பழைய சொல்லுக்குப் பொற்காசு, கொள்ளு, செக்கு என்று பல பொருள் உண்டு. இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் பயன் இல்லை. இதைவிடச் சுவையானது ஊரின் பழைய பெயர்.

புலவர் போட்ட விடுகதை

சங்க காலத்தில் இந்தப் பகுதிக்கு ஓய்மாநாடு என்று பெயர். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் என்ற ஊர்தான் தலைநகர். அரசன் பெயர் நல்லியக்கோடன். அவனைப் புகழ்ந்து நத்தத்தனார் என்ற புலவர் பாடியது சிறுபாணாற்றுப்படை.

அதில் ஒரு கடற்கரைப் பட்டினம் வருகிறது. அதன் பெயரைப் புலவர் நேராகச் சொல்லவில்லை. மதிலின் பெயரைக் கொண்ட ஊர் என்கிறார். விடுகதைதான்! மதிலுக்கு எயில் என்று ஒரு பெயர். ஆகவே அது எயிற்பட்டினம். அந்தப் பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு.

அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரங்கள், ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவதுபோல் கிடந்தனவாம். மீனவப் பெண்கள் அவற்றை விறகாக எரித்தார்களாம். வாசனை மரத்தை அடுப்பில் வைத்த ஊர்!

ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதிய கடல் வணிகக் குறிப்பு ஒன்று, இந்தக் கரையில் "சோபட்மா" என்ற துறைமுகத்தைச் சொல்கிறது. சோ என்றாலும் மதில்தான். சோபட்டினம் என்பதே அயல்நாட்டார் வாயில் அப்படி ஆகியிருக்கும்.

படகில் போன உப்பு

பின்னர் சோழர் வந்தனர். ஊரில் உள்ள பூமீசுவரர் கோவிலில் அவர்கள் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

வெள்ளைக்காரர் காலத்தில் ஆந்திரக் கரையில் இருந்து சென்னை வழியாக வந்த பக்கிங்காம் கால்வாய், மரக்காணத்தில்தான் முடிந்தது. உப்பு மூட்டைகள் அதில் படகேறின. இப்போது அந்த வேலையை லாரிகள் செய்கின்றன.

உப்பு எடுக்கும் முறை மட்டும் அதிகம் மாறவில்லை. உவர் நீரைப் பாத்தியில் தேக்குவார்கள். வெயிலில் நீர் வற்றும். உப்பு பூக்கும். நீண்ட கம்பில் பூட்டிய பலகையால் அதை வாரிக் குவிப்பார்கள். வெறுங்காலோடு உப்பு நீரில் நின்று, கண் கூசும் வெளிச்சத்தில் செய்யும் வேலை. பெண்களும் தலைச்சுமையாக உப்பைச் சுமப்பார்கள்.

ஐப்பசி மழை விழுந்ததும் அளத்தில் வேலை நின்றுவிடும். கூலியும் நின்றுவிடும். இந்த மழைக் காலத்துக்காக, உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கியது. தை பிறந்து வெயில் ஏறிய பிறகுதான் மறுபடியும் பாத்தி மிதிக்க இறங்குவார்கள்.