எரிகோ வீதியில் கிடந்தவர் யார்?

நல்ல சமாரியர் உவமையைச் சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறேன். துன்பப்படுகிறவருக்கு உதவி செய்ய வேண்டும், அவ்வளவுதான் அதன் பொருள் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். போருக்குப் பின்னர் லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தபோது அது வேறு கதையாகத் தெரிந்தது.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ 27 கிலோமீற்றர். அதற்குள் வீதி ஆயிரம் மீற்றர் அளவுக்குக் கீழிறங்குகிறது. வறண்ட மலைவழி, கள்வர் பதுங்க வசதியானது. அவர்கள் அந்த மனிதரின் ஆடையை உரிந்து, குற்றுயிராக விட்டுப் போகிறார்கள். ஒருவர் எந்த இனம் என்பதை உடையும் பேச்சும் காட்டிக்கொடுத்த காலம் அது. இவரிடம் இரண்டும் இல்லை. சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையும் உச்சரிப்பும் பார்த்து எடைபோடப்பட்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குருவும் லேவியரும் விலகிப் போகிறார்கள். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று அஞ்சியிருப்பார்கள் எனச் சிலர் விளக்குவதுண்டு. உவமை காரணம் எதையும் சொல்லவில்லை. அந்தக் குருவோ எருசலேமிலிருந்து இறங்கி வருகிறவர், ஆலயப் பணிக்குப் போகிறவர் அல்ல. எனக்கென்னவோ அது வெறும் பயம் என்றுதான் படுகிறது. கள்வர் இன்னும் பக்கத்தில் இருக்கலாமே.

அடுத்து வருகிறவர் சமாரியர். கெரிசிம் மலையிலிருந்த சமாரியரின் ஆலயத்தை யூத ஆட்சியாளர் ஒருவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அழித்திருந்தார். பகை அவ்வளவு பழையது. முந்தைய அதிகாரத்திலேயே ஒரு சமாரிய ஊர் இயேசுவை ஏற்க மறுக்கிறது. வானத்துத் தீயால் அதை அழிக்கலாமா என்று சீடர் இருவர் கேட்டு, அவரிடம் கண்டிப்பு வாங்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு சமாரியரை இந்தக் கதைக்குள் கொண்டுவருகிறார்.

அவர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டுகிறார். சாவடியில் வைத்துப் பராமரிக்கிறார். மறுநாள் 2 தெனாரியம், அதாவது ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம், கொடுத்து மேற்செலவுக்கும் பொறுப்பேற்கிறார். தன் அயலவர் யார் என்று கேட்டுத்தான் சட்ட அறிஞர் இந்தக் கதையைத் தொடக்கி வைத்தார். அந்த மனிதருக்கு அயலவராக நடந்துகொண்டவர் யார் என்று இயேசு அவரையே திருப்பிக் கேட்கிறார். இரக்கம் காட்டியவர் என்கிறார் அறிஞர். சமாரியர் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

1983 ஜூலையில் தமிழரைத் தம் வீடுகளில் மறைத்து வைத்த சிங்கள அயலவர்களை நாம் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். 1990 ஒக்டோபரைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேறக் கிடைத்தது சில மணித்தியாலங்கள். ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது, அது பொய்யல்ல. அன்று அவர்கள் பிள்ளைகளோடு எங்கள் வீதியால் நடந்து போனபோது நானும் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன்.