கணக்கேட்டுக்குள் வந்த கார்ப் பந்தயம்

ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் போட்டி 1950இல் தொடங்கிய நாளிலிருந்து அதன் விதிகள் ஓயாமல் மாறிவந்திருக்கின்றன. அந்த மாற்றங்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் பாதுகாப்புக்கு அடுத்தபடியாக அடிக்கடி ஒலித்தது சிக்கனமே. எஞ்சினின் ஆற்றலைக் கட்டுப்படுத்தினால், இறக்கைகளின் அளவைக் குறைத்தால், சோதனை ஓட்டங்களைத் தடுத்தால் செலவு தானாகக் குறையும் என்று, விதிகளை வகுக்கும் சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு பல்லாண்டுகள் நம்பியது. அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்தது. ஒரு மடையை அடைத்தால் நீர் அடுத்த வரப்பை உடைத்துக்கொண்டு பாய்வதைப்போல, ஓரிடத்தில் தடுக்கப்பட்ட பணம் வேறிடத்தில் செலவாயிற்று. புதிய விதி ஒவ்வொன்றும் காரைப் புதிதாக வடிவமைக்கும் கட்டாயத்தைக் கொண்டுவந்ததால், மாற்றமே ஒரு பெருஞ்செலவாகவும் அமைந்தது.

2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடி இதை வெளிச்சமாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் ஹோண்டா நிறுவனம் பந்தயத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டின் முடிவில் பிஎம்டபிள்யூவும் டொயோட்டாவும் வெளியேறின. 2009இல் பந்தயப் பருவத்தின் நடுவே சோதனை ஓட்டங்கள் தடைசெய்யப்பட்டன. ஓர் ஓட்டுநர் ஒரு பருவத்துக்கு எட்டு எஞ்சின்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்றும், எஞ்சின் நிமிடத்துக்கு 18,000 சுழற்சிகளைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கப்பட்டது. ஓடுதளத்தில் ஓடிப் பார்க்க முடியாத பெரிய அணிகள், ஓட்டுநர் அமர்ந்த இடத்திலேயே காரின் நடத்தையை உணரும்படி கணினி வழி இயங்கும் பாவனைக் கருவிகளிலும் காற்றுச் சுரங்கங்களிலும் பணத்தைக் கொட்டின.

சுற்றி வளைக்காமல் பணத்துக்கே வரம்பு கட்டும் முயற்சியும் அதே ஆண்டில் நடந்தது. கூட்டமைப்பின் தலைவராயிருந்த மேக்ஸ் மோஸ்லி, ஆண்டுக்கு 4 கோடி பவுண்டுக்குள் செலவை அடக்கிக்கொள்ளும் அணிகளுக்குத் தொழில்நுட்பச் சலுகைகள் வழங்கும் திட்டத்தை முன்வைத்தார். இருவகை விதிகளில் ஒரே பந்தயமா என்று கொதித்த எட்டு அணிகள், தனிப் போட்டியே நடத்தப்போவதாக 2009 ஜூன் மாதத்தில் மிரட்டியதும் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அந்த வரம்பை நம்பி விண்ணப்பித்த புதிய அணிகளுக்கு அதற்குள் இடம் வழங்கப்பட்டிருந்தது. அவற்றின் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. ஸ்பெயினைச் சேர்ந்த எச்ஆர்டி அணி 2010இல் களமிறங்கியபோது, அதன் ஓட்டுநர்களுள் ஒருவரான சென்னையின் கருண் சந்தோக்கால் பஹ்ரைனில் தகுதிச் சுற்று தொடங்கிய பிறகுதான் தம் காரை முதன்முறையாக ஓட்ட முடிந்தது. தகுதிச் சுற்றின் முதற்பகுதியில் மிக விரைவாக ஓடியவரின் நேரத்தைவிட 7 விழுக்காட்டுக்கு மேல் பின்தங்கியவருக்குப் பந்தயத்தில் இடமில்லை என்ற விதி 2011இல் மீண்டும் வந்தபோது, அதே அணிக்காக ஓட்டிய கோவையின் நரேன் கார்த்திகேயன் அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் மெல்பர்னில் தொடக்கப் பந்தயத்துக்குத் தகுதி பெறவில்லை. ஒரு புள்ளியும் பெறாமலே 2012இன் முடிவோடு அவ்வணி மறைந்தது. திறமையுள்ள ஓட்டுநர்கள் வெறும் பற்றாக்குறையின் அளவுகோலால் அளக்கப்பட்டது, வாக்குக் கொடுத்துவிட்டு விதியை மாற்றியவர்கள் ஏற்க வேண்டிய பழி.

2014இல் நிலைமை மேலும் கடினமாயிற்று. 2.4 லிட்டர் எஞ்சினுக்கு மாற்றாக, பெட்ரோலோடு மின்னாற்றலையும் பயன்படுத்தும் 1.6 லிட்டர் ஹைபிரிட் எஞ்சின் வந்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலையும் புகைபோக்கியின் வெப்பத்தையும் மின்சாரமாக மாற்றிச் சேமிக்கும் அந்த நுட்பம் வியக்கத்தக்கது என்றாலும், அதன் விலை சிறிய அணிகளைத் திணறவைத்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் கேட்டரம், மருஸ்யா என்னும் இரு அணிகள் கடன்பட்டு நிர்வாகிகளின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன.

செலவு வரம்பு இறுதியில் 2021இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் 17.5 கோடி டாலராகத் தீர்மானிக்கப்பட்டிருந்த அது, கொரோனாக் காலத்தில் பந்தயங்கள் முடங்கி வருவாய் வற்றியதால் 14.5 கோடியாகக் குறைக்கப்பட்டது. காரை வடிவமைத்தல், உருவாக்குதல், பந்தயத்தில் இயக்குதல் ஆகியவை இதற்குள் அடங்கும். ஓட்டுநர்களின் சம்பளம், மிகுந்த ஊதியம் பெறும் மூவரின் சம்பளம், விளம்பரம், எஞ்சின் ஆகியவை அடங்கா. இதற்குத் துணையாக, மாதிரிக் காரின்மீது காற்றைப் பாய்ச்சி ஆராயும் காற்றுச் சுரங்க நேரமும் பங்கிடப்பட்டது: 2022 முதல் முந்தைய ஆண்டில் முதலிடம் பெற்ற அணிக்கு அடிப்படை நேரத்தில் 70 விழுக்காடும், பத்தாம் இடத்தில் நின்ற அணிக்கு 115 விழுக்காடும் கிடைத்தன.

வரம்பின் வலிமை அதை மீறுவோருக்குக் கிடைக்கும் தண்டனையில்தான் தெரியும். 2021ஆம் ஆண்டுக் கணக்கில் ரெட்புல் அணி 18 லட்சத்து 64 ஆயிரம் பவுண்டு, அதாவது 1.6 விழுக்காடு, கூடுதலாகச் செலவிட்டதாகக் கண்டறியப்பட்டது. வரிச்சலுகையைச் சரியாகக் கணக்கிட்டிருந்தால் மிகை இதில் கால்பங்களவே இருந்திருக்கும் என்பதையும் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. 70 லட்சம் டாலர் அபராதமும், ஆய்வு நேரத்தில் 10 விழுக்காட்டுக் குறைப்பும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு ஓட்டுநர் பட்டம் கடைசிப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் முடிவானதை நினைத்தால், பணக்கார அணிக்கு அபராதம் உறைத்திருக்காது என்ற போட்டியாளர்களின் மனக்குறையில் நியாயமிருந்தது. ஆய்வு நேரக் குறைப்பே உண்மையான தண்டனை.

ஆயினும் 2023இல் அதே அணி 22 பந்தயங்களில் 21ஐ வென்றது. வரம்பு தோற்றுவிட்டது என்று அப்போது பலர் முடிவு கட்டியது அவசரம். முந்தைய ஆண்டுகளில் கட்டிய கூடங்களும் சேர்த்த அறிவும் ஓரிரு பருவங்களில் கரைந்துவிடாது. 2023இன் தொடக்கத்தில் பின்வரிசையில் தடுமாறிய மெக்லாரன், 1998க்குப் பிறகு முதன்முறையாக 2024இல் அணிகளுக்கான பட்டத்தைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஏழு ஓட்டுநர்கள் பந்தயம் வென்றனர். விதிகள் சில ஆண்டுகள் நிலையாக இருந்ததும் இந்த நெருக்கத்துக்கு உதவியது என்பதால், முழுப் பெருமையையும் வரம்புக்கே சூட்ட இயலாது.

2026இல் காரும் எஞ்சினும் ஒருசேர மாறுகின்றன. வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சிக்கலான பகுதி நீக்கப்பட்டு, ஆற்றலில் ஏறத்தாழப் பாதி மின்சாரத்திலிருந்து வரும்படி எஞ்சின் அமைகிறது. ஆடி, கேடிலாக் ஆகிய பெயர்கள் களத்தில் சேர்கின்றன. முன்பு விலக்கப்பட்டிருந்த சில செலவுகளும் உள்ளே கொண்டுவரப்படுவதால் வரம்பு 21.5 கோடி டாலராகிறது. எஞ்சின் தயாரிப்பாளர்களுக்கு 2023இலிருந்தே தனி வரம்பு உண்டு. ஆனால் ஓட்டுநரின் பல கோடிச் சம்பளம் வரம்புக்கு வெளியே நிற்க, பட்டறையில் இரவெல்லாம் உழைக்கும் தொழில்நுட்பரின் ஊதிய உயர்வு வரம்புக்குள் விழுந்து, ஒரு புதிய இறக்கையின் செலவோடு போட்டியிட வேண்டியிருக்கும் ஏற்பாடு மட்டும் அப்படியே தொடர்கிறது. ஊதியம் உயர்ந்த நாடுகளிலுள்ள அணிகளுக்கு ஓரளவு ஈடு தர விதியாளர்கள் இசைந்திருக்கிறார்கள்; பொறியாளர்களின் சம்பளத்தைக் காரின் கணக்கிலிருந்து பிரித்து வைக்கும் அடுத்த அடியை அவர்கள் இன்னும் எடுக்கவில்லை.