பூசணம் பிடித்த வைக்கோல்

கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் முதற்போக அறுவடை கார்த்திகை மழையில் சிக்குவதுண்டு. ஈர வைக்கோலை அப்படியே போர் போட்டால் உள்ளே பூசணம் பிடிக்கும். அதில் ‘புஸேரியம்’ இனப் பூசணம் உண்டாக்கும் நஞ்சு இரத்த ஓட்டத்தைத் தடுத்து, மாட்டின் வால், காது, கால் நுனிகளை அழுகச் செய்யும். பஞ்சாபில் தேக் நாலா ஓடையோர எருமைகளிடம் 1930-களில் கண்டறியப்பட்டமையால் இதனைத் ‘தேக்நாலா நோய்’ என்பர்.

பூசண வைக்கோலைப் பின்னர் வெயிலில் காய வைத்தால் போதாதா என அங்கத்தினர் கேட்கலாம். பூசணம் வாடும், நஞ்சோ எஞ்சி நிற்கும். ஆகவே முன்பே நன்கு உலர்த்தி, மேட்டில் கல்பரப்பி, அதன்மீது போரிடுக. கறுத்து நாறுவதைத் தயங்காது விலக்குக. மாடு நொண்டினால் அத்தீனியை உடனே நிறுத்தி, கால்நடை மருத்துவரை அழைப்பீர். நாலு கட்டு வைக்கோலை மிச்சப்படுத்தப் போய், சங்கக் கடனில் வாங்கிய கறவையை இழத்தல் சிக்கனமாகாது.